எண்பதுக்கு ஒரு பறவை குறைவு

விடிந்தும் விடியாத காலை ஆறு மணிக்கு, பூவரசந்துறை உப்பளக் கரையில், தமயந்தி அன்றைய முதல் பறவையைப் பார்த்தாள்.

"காக்கை," என்றாள் உரக்க.

அவள் நெற்றியில் கட்டியிருந்த பட்டையில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"போச்சுடா! காக்காவுக்கே மஞ்சளா?" என்றான் அவள் புருஷன் குலோத்துங்கன். "தமா, அது காக்காதான். கறுப்பா இருக்கு. கா கான்னு கத்துது. இன்னும் என்ன, ஆதார் கார்டா கேக்கப் போறே?"

"கழுத்துல சாம்பல் தெரிஞ்சா வீட்டுக் காக்கை. இல்லேன்னா அண்டங்காக்கை. இந்த இருட்டுல எனக்குக் கழுத்தே தெரியல. வீட்டுக் காக்கையா இருக்கலாம்."

"இருக்கலாம்கிறது படிவத்துல ஏறாதும்மா," என்றார் ஆய்வாளர் பரிமளகாந்தன். மடக்கு நாற்காலியில், முழங்காலில் படிவமும் மடியில் விதிப் புத்தகமுமாக உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற ஒன்பது மாதம் பாக்கி. மற்றவர்கள் வாரப் பத்திரிகை படிக்கிற மாதிரி விதிப் புத்தகம் படிப்பவர்.

அந்தப் படிவத்தில் எண்பது ஏற வேண்டும். சூரியன் மறைவதற்குள் எண்பது வகைப் பறவைகள். ஏறினால் பூவரசந்துறையின் எண்ணூறு ஏக்கர் சேற்றுவெளி சேற்றுவெளியாகவே இருக்கும். சைபீரியாவிலிருந்து வருகிறவை வரும், தின்னும், கொழுக்கும், சொல்லிக்கொள்ளாமல் திரும்பிப் போகும். ஒன்று குறைந்தாலும் அத்தனை ஏக்கரும் ஒரு கணினித் தகவல் கிடங்கின் எந்திரச் சூட்டைத் தணிக்கிற வெந்நீர்க் குளமாகிவிடும். நீதிமன்றம் கொடுத்தது ஒரே ஒரு நாள். வழக்குப் போட்டவள் என்ற முறையில் சாட்சியும் தமயந்திதான். வேதாரண்யத்தில் விலங்கியல் ஆசிரியை. இருபத்திரண்டு வருடமாக இந்தச் சேற்றை மிதித்துக்கொண்டிருப்பவள்.

கிடங்கின் சார்பில் ஆட்சேபம் எழுப்ப வந்திருந்த இளம் வக்கீல் அமலதாஸ், பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவோடு வரப்பில் நின்றான். முதல் கால் மணி நேரத்திலேயே இடது ஷூ சேற்றுக்குள் போய், கால் மட்டும் திரும்பி வந்தது.

"எனக்கு ஒண்ணு புரியல சார்," என்றான் குலோத்துங்கன், ஷூவைப் பிடுங்க உதவிக்கொண்டே. "ஆளுக்கு ஒரு கேமராவைக் குடுத்து, எண்பது போட்டோ எடுத்துட்டு வாங்கன்னா சோலி முடிஞ்சுது. இந்தப் பட்டை, விளக்கு எல்லாம் எதுக்கு?"

"எந்தக் காலத்துல சார் இருக்கீங்க?" ஆய்வாளர் சிரித்தார். "போட்டோவைக் கோர்ட் ஏத்துக்கிறதை நிறுத்திப் பன்னண்டு வருஷமாச்சு. வாயால சொன்னா எந்திரம் ரெண்டு நொடியில படம் போட்டுக் குடுக்குது. கடைசியா வந்த கேஸ்ல ஒருத்தர் திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டுல பென்குவின் நிக்கிற மாதிரி நாப்பது போட்டோ குடுத்தார். அதுல ஒரு பென்குவின் டிக்கெட் வேற வாங்கிட்டிருந்துது. அன்னிக்கோட போட்டோ போச்சு, வீடியோ போச்சு, சத்தம் போச்சு. இப்ப உசிருள்ள சாட்சி, கண்ணால பார்க்கணும், வாயால சொல்லணும், பட்டையில பச்சை விழணும்."

"பட்டைக்குப் பறவை தெரியுமா?"

"பட்டைக்குப் பறவையும் தெரியாது, பணியாரமும் தெரியாது. சொல்ற ஆள் மனசுல உறுதி இருந்தா பச்சை. சந்தேகம் இருந்தா மஞ்சள். தனக்கே நம்பிக்கை இல்லாததைச் சொன்னா சிவப்பு. விதி ஏழு: சாட்சியின் உறுதியே சான்று."

தமயந்தி நெற்றிப் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். சந்தேகம்தான் அவளுடைய தொழில்.

பிறவியிலேயே அவள் அப்படி இல்லை. இருபத்தாறு வயதில், இதே கரையில், நூறு வருடமாக யாரும் பார்க்காத ஒரு கடற்பறவையைப் பார்த்ததாக அறிவித்தாள். நான்கு மாவட்டத்துப் பறவை பார்ப்பவர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்து, முக்காலிகளை நட்டு, ஒரு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அலை ஒதுக்கியதும் அது ஒரு வெள்ளை ஹவாய் செருப்பு என்று தெரிந்தது. அன்றிலிருந்து எந்தப் பறவையின் பெயரையும் 'இருக்கலாம்' என்ற துணை இல்லாமல் அவள் சுலபத்தில் வெளியே அனுப்பியதில்லை.

ஆறரைக்கு வெளிச்சம் வந்தது. காக்கையின் கழுத்தில் சாம்பல் தெரிந்தது. பச்சை.

அப்புறம் கொஞ்ச நேரம் நன்றாகவே ஓடியது. உப்பளத்தை ஒட்டிய கருவைக் காட்டுக்குள் நுழைந்தார்கள். மாங்குயில், பச்சை. ஆறுமணிக் குருவி, பச்சை. நீளவால் ரிப்பன் ஆட ஒரு ஈப்பிடிப்பான் கிளையிலிருந்து கிளைக்குத் தாவியது, பச்சை. பழுப்புக் கீச்சான், பஞ்சுருட்டான், தகைவிலான் என்று படிவம் நிரம்பியது. வடக்கே பனி விழும்போது தெற்கே இறங்குகிற கூட்டம் அத்தனையும் அன்று காட்டில் ஆஜர். ஆய்வாளரின் பேனா ஓயவில்லை.

பிறகு கதிர்க்குருவிகள் வந்தன.

ஆண்டவன் அவசரத்தில் செய்த பறவைகள் அவை. எல்லாம் ஒரே பழுப்பு, ஒரே அளவு. புருவத்தில் நூலிழை வித்தியாசம். அந்தப் புருவத்தையும் இலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் நம்மைப் பார்க்கும்.

"நாணல் கதிர்க்குருவி," என்றாள் தமயந்தி.

மஞ்சள்.

"இலைக் கதிர்க்குருவி."

மஞ்சள்.

"அம்மா, கொஞ்சம் தைரியமாச் சொல்லுங்களேன்," என்றார் ஆய்வாளர். அவருக்கு இந்த வழக்கில் பட்சம் கிடையாது. ஆனால் கட்டம் காலியாக இருந்தால் மனசு தாங்காது.

"தைரியம் இல்லாம இல்ல சார். தொண்ணூறு சதவீதம் அதுதான். ஆனா இறக்கை நுனியைப் பார்க்காம நூறுன்னு எப்படிச் சொல்றது?"

"ஆட்சேபம்!" என்றான் அமலதாஸ், முள்ளில் சிக்கிய கோட்டை விடுவித்துக்கொண்டே.

"எதுக்கு?"

"தெரியல சார். ரொம்ப நேரமா ஒண்ணும் சொல்லலையேன்னு."

பத்து மணிக்குக் கடல் உள்வாங்கிச் சேறு திறந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கரைப்பறவைகள். ஆயிரம் பதினாயிரம். தையல் மெஷின் ஊசி மாதிரி மூக்கால் சேற்றைக் குத்திக்கொண்டே நடந்தன. பூநாரை, நீள வளைமூக்குக் கோட்டான், பட்டைவால் மூக்கன், நண்டுதின்னி போன்ற பெரியவற்றுக்கு எல்லாம் பச்சை விழுந்தது. சின்னவற்றுக்கு வந்ததும் கதை மாறியது. உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கதிர்க்குருவிகளுக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள். அதோடு அவற்றின் காலடியில் கானல் வேறு.

"கொசு உள்ளான்." மஞ்சள். "மங்கோலிய உப்புக்கொத்தி." மஞ்சள். "ஆலா... இல்ல, மீசை ஆலா... இருங்க, வெண்சிறகு ஆலாவா..." பட்டை மஞ்சளிலேயே நின்று, ஒரு கட்டத்தில் சூடாகிவிட்டது.

பகல் ஒரு மணிக்குப் பச்சை ஐம்பத்தெட்டு. மஞ்சள் இருபத்தொன்று.

கொண்டு வந்த புளிசாதத்தைச் சுரத்தில்லாமல் சாப்பிட்டார்கள். அமலதாஸ் மட்டும் உற்சாகமாக இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டான். எதிர்க்கட்சி என்பதற்காகப் பட்டினி போட முடியுமா?

"இருபத்தொரு பறவை கண்ணு முன்னாடி நிக்குது," என்றாள் தமயந்தி. "எது எதுன்னு எனக்குத் தெரியும். ஆனா உறுதியாத் தெரியாது. உறுதியாத் தெரிஞ்சவங்க யாரும் இருக்க முடியாது. ஒண்ணும் தெரியாதவங்களுக்குத்தான் அது வரும்."

ஆய்வாளர் கையைக் கழுவிவிட்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "துணைச் சாட்சின்னு ஒரு பேர் எழுதியிருக்கீங்களே அம்மா. விதி பதினொண்ணு. முதல் சாட்சி சோர்ந்தால் துணைச் சாட்சி பட்டை அணியலாம்."

"அது சும்மா. கட்டத்தைக் காலியா விட்டா மனுவை வாங்க மாட்டேன்னாங்க."

"யார் பேரு?"

எல்லோரும் குலோத்துங்கனைப் பார்த்தார்கள். அவன் விரல் சூப்பிக்கொண்டிருந்தான்.

குலோத்துங்கன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பூவரசந்துறையில் படகே இல்லாத ஒருவருக்குப் படகுக் காப்பீடு விற்றவன். அதைவிடப் பெரிய விஷயம், விற்று முடித்தபோது அந்த மனிதருக்குப் படகு இருப்பதாக அவனே மனப்பூர்வமாக நம்பியதுதான். அப்புறம் அந்த ஆள் வேறு வழியில்லாமல் படகு வாங்கிவிட்டார்.

பட்டையைக் கட்டிக்கொண்டு எழுந்து, இடுப்பில் கை வைத்து, வானத்தை ஒரு நோட்டம் விட்டான்.

"கழுகு," என்றான்.

பளிச்சென்று பச்சை விழுந்தது. காலையிலிருந்து அப்படி ஒரு பச்சையை யாரும் பார்க்கவில்லை.

"ஐம்பத்தொன்பது," என்று எழுதப் போனார் ஆய்வாளர்.

"எழுதாதீங்க சார்!" தமயந்தி பதறிப்போய் எழுந்தாள். "அது காக்கா. காலையில பார்த்த அதே காக்கா."

"பச்சை விழுந்தாச்சும்மா."

"விழுந்தா என்ன? அது காக்கா!"

"தமா," குலோத்துங்கன் அவள் காதருகே குனிந்தான். "எனக்குக் கழுகுன்னு தோணுச்சு, சொன்னேன், விழுந்துது. இப்படியே அஞ்சு நிமிஷத்துல எண்பதையும் முடிச்சிடுறேன். மயில், கிளி, தீக்கோழி... உன் சேறு உனக்கு. வீட்டுக்குப் போயி தூங்கலாம்."

"பொய்யால காப்பாத்தின சேத்துல நான் எப்படிங்க நாளைக்கு நிப்பேன்?"

"பொய் எங்க சொல்றேன்? நம்பித்தானே சொல்றேன்!"

"அதுதான் இன்னும் மோசம்."

அமலதாஸ் வாயைத் திறந்தபடி நின்றான். தான் எழுப்ப வேண்டிய ஆட்சேபத்தைச் சாட்சியே எழுப்பிக்கொண்டிருப்பதை அவனுடைய சட்டக் கல்லூரியில் சொல்லித் தரவில்லை. ஆய்வாளர் பெருமூச்சோடு, பாதி எழுதிய கழுகை அடித்தார்.

பிறகு குலோத்துங்கன் முக்காலியில் இருந்த தொலைநோக்கிக்குள் ஒரு கண்ணை விட்டான்.

"சரி, உன் வழிக்கே வரேன். இந்தா, குட்டியா ஒண்ணு நிக்குது. ஓடுது, நிக்குது, ஓடுது, நிக்குது. கடன்காரனைப் பார்த்த மாதிரி. இது என்ன?"

"மங்கோலிய உப்புக்கொத்தியா இருக்கலாம். தொண்ணூத்தஞ்சு சதவீதம்."

"மீதி அஞ்சு?"

"கால் இன்னும் கொஞ்சம் நீளமா இருந்தா பெரிய வகை."

குலோத்துங்கன் நிமிர்ந்தான். "மங்கோலிய உப்புக்கொத்தி," என்றான்.

பச்சை.

தமயந்தி திகைத்துப் போனாள். "எப்படிங்க? உங்களுக்கு மங்கோலியா எங்க இருக்குன்னே தெரியாதே."

"மங்கோலியா எனக்கெதுக்கு? நீ சொல்றே. இருபது வருஷத்துல பறவை விஷயத்துல நீ சொல்லி ஒண்ணு தப்பாப் போய் நான் பார்த்ததில்ல."

"செருப்பு?"

"அது கல்யாணத்துக்கு முந்தி. என் கணக்குல வராது."

"ஆட்சேபம்!" அமலதாஸுக்கு இப்போது நிஜமாகவே காரணம் கிடைத்துவிட்டது. "இது சாட்சியே இல்ல சார். அந்தம்மா ஓதுறாங்க, இவர் ஒப்பிக்கிறார்!"

ஆய்வாளர் விதிப் புத்தகத்தை ஆவலோடு திறந்தார். பன்னிரண்டாம் விதி, பதிமூன்றாம் விதி, அடிக்குறிப்பு, பின்னிணைப்பு என்று போய்த் திரும்பி வந்தார். "சாட்சி கண்ணால் பார்த்தாரா? பார்த்தார். உறுதியாகச் சொன்னாரா? சொன்னார். புருஷன் பொண்டாட்டி பேசிக்கக் கூடாதுன்னு எந்த விதியும் இல்ல தம்பி. இருந்தா நல்லா இருக்கும்னு எங்க வீட்டுல நான் நினைச்சிருக்கேன். ஆனா இல்ல."

அடுத்த நான்கு மணி நேரம் அந்தக் கரை கண்ட காட்சி விநோதமானது. முன்னால் தமயந்தி ஓடுவாள், தொலைநோக்கியை நிறுத்துவாள், பறவையைப் பிடிப்பாள். "வளைமூக்கு உள்ளானா இருக்கலாம்" என்பாள். பின்னால் குலோத்துங்கன் மூச்சு வாங்க வந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "வளைமூக்கு உள்ளான்!" என்று கல்யாண மண்டபத்தில் மொய் அறிவிக்கிற குரலில் முழங்குவான். பச்சை. அவளுடைய சந்தேகம் ஒரு பக்கம் போய் மறுபக்கம் உறுதியாக வெளியே வந்தது, கரும்பு ஆலையில் போன மாதிரி.

தன்னால் இருபது வருடம் செய்ய முடியாததை இந்த மனிதன் எப்படிச் செய்கிறான் என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஒருவர் தன்னை இவ்வளவு நம்புகிறார் என்று தெரிந்தால் கால் கூசத்தான் செய்யும். எழுபது சதவீதம் என்று பட்டவற்றை அவள் சொல்லவே இல்லை. இன்னும் கிட்டே போய், முழங்கால் சேற்றில் நின்று, தொண்ணூறு ஆக்கிக்கொண்டு வந்த பிறகுதான் அவன் காதில் போட்டாள்.

கருவைக் காட்டுக்குத் திரும்பி ஓடி, கதிர்க்குருவிகளையும் முடித்தார்கள். அமலதாஸ் நடுவில் ஒரு தடவை, "அந்தா, அந்தக் கிளையில ஒண்ணு இருக்கு பாருங்க" என்று கையைக் காட்டிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஐந்தே முக்காலுக்குப் படிவத்தில் எழுபத்தொன்பது.

மஞ்சள் விழுந்த இருபத்தொன்றும் பச்சையாகிவிட்டன. இனிப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

"சூரியன் ஆறு இருபத்தொண்ணுக்கு மறையும்," என்றார் ஆய்வாளர். "பஞ்சாங்கம் இல்ல, வானிலைத் துறை நேரம்."

தமயந்தி சேற்றுவெளியை அங்குலம் அங்குலமாகத் துழாவினாள். பார்த்தவைதான், திரும்பத் திரும்பப் பார்த்தவைதான். ஆறு மணி. ஆறு ஐந்து. தூரத்தில் நண்டுக் கூடையோடு கரையேறிக்கொண்டிருந்த பெண்கள், "டீச்சர், ஆச்சா?" என்று குரல் கொடுத்தார்கள். அவள் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாளை மறுநாள் இங்கே வேலி வரும். அடுத்த மாசியில் மங்கோலியாவிலிருந்து வருவது வெந்நீரில் இறங்கும். ஒன்றே ஒன்று. எண்பதில் ஒன்று.

ஆறு பத்துக்கு அவள் தொலைநோக்கியைத் திருப்பி, சேற்றில் நின்ற உள்ளான் ஒன்றின் மேல் நிறுத்தினாள்.

"இங்க வாங்க. இது பெருமுடிச்சு உள்ளான்."

அப்படி ஒரு பறவை உலகத்தில் கிடையாது.

குலோத்துங்கன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். "பெருமுடிச்சு உள்ளான்," என்றான்.

சிவப்பு.

பட்டையில் சிவப்பு விளக்கும் இருக்கிறது என்பதே அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. ஆய்வாளர் பேனாவை மூடினார்.

"என்னங்க?" என்றாள் தமயந்தி மெல்ல.

"நீ பொய் சொல்றே தமா."

"எப்படித் தெரியும்?"

"மத்தியானத்துலேர்ந்து இருபத்தொரு பறவை சொன்னே. எல்லாத்துக்கும் பின்னாடி 'இருக்கலாம்'னு போட்டே. இதுக்குப் போடல." அவன் பட்டையைக் கழற்றினான். "நான் நம்பணும்னுதான் பார்த்தேன். தீக்கோழியைக்கூட நம்பியிருப்பேன். உன்னை இப்படி நம்ப முடியல."

அவளுக்கு அழுகை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டுப் பட்டையை வாங்கித் தன் நெற்றியிலேயே கட்டிக்கொண்டாள். அமலதாஸ் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயிப்பது இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை போலும்.

ஆறு பதினாறு.

அப்போதுதான் உப்பளத்தின் உள்வரப்பைத் தாண்டி அது நடந்து வந்தது.

செங்கல் நிறம். கழுத்திலிருந்து வயிறு வரை செங்கல். கால் கன்னங்கரேல். மூக்கு அடியில் தடித்து, நுனியில் வெள்ளையாக, பனங்கிழங்கு மாதிரி. தலையில் உப்புப் பூத்த மாதிரி சாம்பல். நடக்கிற நடை உள்ளானும் இல்லை, உப்புக்கொத்தியும் இல்லை. புதுச் செருப்பு கடிக்கிற ஆளின் நடை.

தமயந்தி தொலைநோக்கிக்குள் கண்ணைப் புதைத்தாள். மூளை இருபத்திரண்டு வருடத்து ஏடுகளையும் புரட்டியது. இதுவா? மூக்கு ஒத்துவரவில்லை. அதுவா? கால் ஒத்துவரவில்லை. வேறு கண்டத்திலிருந்து வழிதவறி வந்ததா? அவற்றிலும் இல்லை.

"அம்மா, மூணு நிமிஷம்," என்றார் ஆய்வாளர்.

"சொல்லு தமா. ஏதாவது சொல்லு!"

அவள் நிமிர்ந்தாள். ஒரு பொய் போதும் அன்றைக்கு.

"எனக்குத் தெரியல," என்றாள். "இது என்ன பறவைன்னு எனக்குச் சத்தியமாத் தெரியல."

பச்சை.

மதியத்திலிருந்து அவள் நெற்றியில் விழாத பச்சை. அணையாமல் நின்றது. 'இருக்கலாம்' சேர்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆய்வாளர் அந்தப் பச்சையையே பார்த்தார். அப்புறம் புத்தகத்தை எடுத்தார். "விதி இருபத்திரண்டு," என்றார், பிரசாதம் வாங்குகிற குரலில். "இந்த விதியை முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல நான் படிச்சிருக்கேனே தவிர, பயன்படுத்தினதில்ல. சாட்சி தான் கண்ட பறவையை அடையாளம் தெரியவில்லை என்று உறுதியாகச் சொன்னால், அது தனி இனமாகவே கணக்கில் கொள்ளப்படும். அதே சாட்சி பிற்பாடு அதை அடையாளம் கூறும் வரை."

"ஆட்சேபம்!" அமலதாஸ் துள்ளினான். "அப்ப எல்லாரும் எல்லாத்தையும் தெரியலைன்னே சொல்லிட்டுப் போயிடலாமே!"

"ஒரு படிவத்துக்கு ஒரே ஒரு வரிதான் தம்பி. அந்த வரியே இதுவரைக்கும் எந்தப் படிவத்துலயும் நிரம்பினதில்ல. பறவை பார்க்கிறவங்க யாராச்சும் தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டு நீ பார்த்திருக்கியா? சொத்தை எழுதிக் கேட்டாக்கூடக் குடுப்பாங்க, அதைக் குடுக்க மாட்டாங்க." கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு பத்தொன்பது. எண்பது."

குலோத்துங்கன் போட்ட சத்தத்தில் ஆயிரம் பறவை எழும்பி, ஒரு வட்டம் அடித்து இறங்கின. கூடைக்காரப் பெண்களில் ஒருத்தி குலவை போட்டாள்.

கையெழுத்து மூன்று இடத்தில். கைரேகை இரண்டு இடத்தில். படிவத்தை உறையில் போட்டு அரக்கு வைத்தார் ஆய்வாளர்.

"இது நிரந்தரமா சார்?" என்று கேட்டான் அமலதாஸ்.

"வருஷா வருஷம் மாசியில எனக்கப்புறம் வர்றவர் அம்மாவுக்குப் பட்டையைக் கட்டி ஒரே ஒரு கேள்வி கேப்பார்: அது என்ன பறவை, தெரிஞ்சுதா? தெரியலைன்னு பச்சை விழற வரைக்கும் எண்பது எண்பதுதான். தெரிஞ்சு, அது ஏற்கெனவே பட்டியல்ல இருக்கிற பறவையா இருந்துட்டா, எழுபத்தொன்பது. நிலம் உங்களுது."

அமலதாஸ் தமயந்தியிடம் வந்து கையைக் குவித்தான். "மேடம், கோவிச்சுக்காதீங்க. அந்த நீளவால் குருவி இருந்துதே, ரிப்பன் மாதிரி. அதை இன்னொரு தடவை பார்க்கணும்னா எப்ப வரணும்?"

"காலையில ஆறரைக்கு. வேற ஷூ போட்டுட்டு வாங்க."

ஆய்வாளரும் வக்கீலும் ஜீப்பை நோக்கி நடந்தார்கள். சூரியன் போன பிறகும் வானத்தில் வெளிச்சம் கொஞ்சம் பாக்கி இருந்தது. தமயந்தி கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தொலைநோக்கியில் கண் வைத்தாள்.

செங்கல் பறவை உப்பளத்தை விட்டு, பக்கத்து நல்லதண்ணி வாய்க்காலுக்கு வந்திருந்தது. வயிற்றைத் தண்ணீரில் முக்கியது. இறக்கையால் நாலு பக்கமும் அடித்துக்கொண்டது. அசல் குளியல், எண்ணெய் தேய்த்துக்கொண்ட மாதிரி.

வயிற்றிலிருந்து செங்கல் நிறம் கரைந்து ஓடியது. உப்பளத்தின் கடைசிப் பாத்திகளில் தண்ணீர் செக்கச்செவேலென்று குழம்பாக நிற்கும். அதன் சாயம். மூக்கிலிருந்து உப்புக்கட்டி உடைந்து விழுந்தது. உள்ளே ஒல்லியான மூக்கு. பிறகு ஒரு கால் தண்ணீரிலிருந்து வெளியே வந்தது. கறுப்புச் சேறு வழிந்தது. கால் சிவப்பு. அடுத்த காலும் சிவப்பு. பவளம் மாதிரி.

பவளக்காலி. இந்தக் கரையில் காக்கைக்கு அடுத்தபடி மலிவான பறவை. படிவத்தில் பதினேழாவது வரி.

"சார்!" என்று கூப்பிட்டுவிட்டாள். வாய் தானாகக் கூப்பிட்டது.

நூறு அடி தள்ளி ஆய்வாளர் திரும்பினார். "என்னம்மா?"

எழுபத்தொன்பது என்று சொல்ல வேண்டும். சொல்ல வாயெடுத்த அந்த நொடியில், இருபது வருடமாக அவளைத் தூங்கவிடாத அந்தப் பழைய குரல் உள்ளே கேட்டது. நிச்சயமாத் தெரியுமா? கையெழுத்துப் போடக் கண்ணை எடுத்தாயே, ஐந்து நிமிடம் இருக்குமே? அதற்குள் அது பறந்துபோய், அதே சாயப் பாத்தியில் மேய்ந்த வேறு ஒன்று குளிக்க வந்திருந்தால்? குலோத்துங்கன் போட்ட சத்தத்தில் கூட்டமே எழும்பி இறங்கியதே? எது எங்கே இறங்கியது என்று யார் கண்டது?

"ஒண்ணுமில்ல சார். பார்த்து ஓட்டச் சொல்லுங்க. வரப்பு வழுக்கும்."

ஜீப் போய்விட்டது. அவள் பக்கத்தில் வந்து நின்ற குலோத்துங்கன், எதையோ உணர்ந்தவனாகத் தொலைநோக்கியில் குனிந்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"கால் சிவப்பா இருக்கு," என்றான்.

"ஆமா."

"ம்."

"ஏங்க," அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நாம முதல்ல பார்த்தது இதுதானா? இல்ல, இது வேறயா?"

"வேற," என்றான் குலோத்துங்கன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது போயிடுச்சு. நான் பார்த்துட்டே இருந்தேன். தெக்கால போச்சு."

தமயந்தி அவன் முகத்தைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்ட நேரம் முழுக்க அவன் நண்டுக்காரப் பெண்களோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தான் என்று ஒரு நினைவு. ஆனால் அதையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லையே. பட்டை ஆய்வாளரின் பெட்டிக்குள் போய்விட்டது. இந்த மனிதன் நம்பிச் சொல்வது எது, தனக்காகச் சொல்வது எது என்று கல்யாணமான நாளிலிருந்தே அவளால் பிரிக்க முடிந்ததில்லை. அன்று அவள் பிரிக்க முயலவும் இல்லை.

தொலைநோக்கிக்கு மூடியைப் போட்டு, முக்காலியை மடக்கி அவன் தோளில் வைத்தாள். சேற்றில் கால் புதைய இருவரும் கரையேறினார்கள்.